கலப்படமும் இல்லை... காலாவதியும் இல்லை... ஆனாலும் கெடுதி!

சீல் பிரிக்காத பாக்கெட்டுக்குள் இருக்கும் ஆபத்தை நாம் ஏன் பார்ப்பதே இல்லை?

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. ரோஸ் நிறத்துக்காக அதில் ‘ரோடமின் பி’ என்ற துணிச் சாயத்தைக் கலக்கிறார்கள் என்பது ஆய்வகப் பரிசோதனையில் தெரியவந்தது. முதலில் புதுச்சேரி தடை விதித்தது. சில நாள்களில் தமிழ்நாடும் விதித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை வந்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பது காரணம். இரண்டுமே சரியான நடவடிக்கைகள்தான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தச் சாயத்தை எடுத்துவிட்டால் பஞ்சு மிட்டாயில் மிச்சம் இருப்பது முழுக்கச் சர்க்கரை. கிருமியை நீக்கிவிட்டால் மயோனைஸில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் எண்ணெய். அதைப் பற்றி அந்த நாள்களில் பெரிதாக யாரும் பேசவில்லை. சாயம் போனால் சரி, கிருமி போனால் சரி என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம்.

உணவைப் பற்றிய நம் பயம் எல்லாம் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் உணவைப் பற்றித்தான். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி உயிரிழந்தபோது மாநிலம் முழுவதும் அதிகாரிகள் கடை கடையாக ஏறினார்கள். வழக்கு, கைது, சீல் என்று எல்லாம் நடந்தது. ஆனால் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டு ஆளைச் சாய்க்கும் உணவுக்கு வழக்கும் இல்லை, ரெய்டும் இல்லை. அது உரிமம் பெற்ற தொழிற்சாலையில், கையுறை போட்ட கைகளால், சுத்தமாகத் தயாராகிறது. தேதி அச்சிட்டு, சீல் வைத்து, சட்டப்படி விற்கப்படுகிறது. ஜங்க் ஃபுட் விஷயத்தில் நாம் பேச வேண்டியது இந்தச் சுத்தமான கெடுதியைத்தான்.

தீபாவளி முறுக்கும் ஜங்க்தானா?

‘அந்தக் காலத்திலும் முறுக்கு, அதிரசம், பஜ்ஜி எல்லாம் தின்றோமே, அதுவும் எண்ணெய்தானே?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. உப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று அளவுக்கு மீறி இருக்கும் உணவு எதுவோ அது உடம்புக்கு ஆகாது. அந்தக் கணக்கில் முறுக்குக்கும் தனிச் சலுகை கிடையாது. தினமும் மிக்ஸர் பாக்கெட்டைக் காலி செய்பவருக்கு ‘இது நம்ம ஊர்ப் பலகாரம்’ என்ற சமாதானம் உதவாது.

வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது. மாவு இடித்து, பிசைந்து, பிழிந்து, பொரித்து எடுக்க ஒரு நாள் பிடிக்கும் பலகாரத்தை வாரம் முழுக்க யாராலும் செய்ய முடியாது. அந்தச் சிரமமே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. இரண்டாவது, அது எதனால் ஆனது என்பது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-ல் உணவை வகைப்படுத்தப் புதிய வழி ஒன்றைச் சொன்னார். ‘நோவா’ என்று அதற்குப் பெயர். எவ்வளவு சத்து இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, உணவு எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்று பார்க்கும் முறை அது. கடற்கரையில் கரியில் வாட்டித் தரும் சோளக்கதிர் முதல் வகை. சமையலில் சேர்க்கும் எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டாம் வகை. அந்தக் கதிரை உதிர்த்து உப்பு நீரில் போட்டு டின்னில் அடைத்தால் மூன்றாம் வகை. சோளத்தை அரைத்து, மாவாக்கி, இயந்திரத்தில் அழுத்திப் பொரபொரவென்று உப்ப வைத்து, பாமாயில், செயற்கைச் சுவை, நிறம், சுவையூட்டி எல்லாம் தூவி, காற்றடைத்த பாக்கெட்டில் போட்டு விற்றால் அது நான்காம் வகை. அதி பதப்படுத்தப்பட்ட உணவு. சிப்ஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், க்ரீம் பிஸ்கட், குளிர்பானம், சாக்லேட், சிக்கன் நகெட்ஸ் எல்லாம் இங்கேதான் வருகின்றன.

தெருவோர ஃபாஸ்ட் ஃபுட் கடையின் கோபி மஞ்சூரியனும், கொங்குப் பக்கத்துத் தள்ளுவண்டிக் காளானும், ஃப்ரைட் ரைஸும் இந்தப் பட்டியலில் நேராக உட்காராது. ஆனால் மைதா, சாஸ், உப்பு, திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் என்று அதன் சேர்மானமும் இதற்குச் சளைத்ததில்லை. இங்கே நம் ஆள்கள் ‘அஜினோமோட்டோ போடுறாங்கப்பா’ என்று பயப்படுகிறார்கள். சமையலில் சேர்க்கும் அளவில் அதனால் பெரும்பாலோருக்குத் தீங்கு இல்லை என்பதுதான் இதுவரையிலான அறிவியல் முடிவு. அதே வாணலியில் விழும் உப்பையும், நான்கு நாளாகக் கொதிக்கும் எண்ணெயையும் விட்டுவிட்டு அஜினோமோட்டோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால், உண்மையான குற்றவாளி தப்பிவிடுகிறது.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்ட சேர்மங்கள் சேர்ந்துகொண்டே போகும். அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைப் பயன்படுத்தவே கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. பெரிய கடை கழிக்கும் எண்ணெய் சின்னக் கடையின் வாணலிக்குப் போய்ச் சேருவதைத் தடுப்பதுதான் நோக்கம். தள்ளுவண்டியில் கறுத்த எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால், அங்கே சாப்பிடாமல் நடையைக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

இருபது பேரை வைத்து ஒரு சோதனை

‘அளவோடு சாப்பிட்டால் எதுவும் கெடுதி இல்லை’ என்பது நிறுவனங்கள் விரும்பிச் சொல்லும் வாசகம். அளவோடு சாப்பிட முடியுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முடிவு 2019-ல் வெளியானது.

இருபது பேரை நான்கு வாரம் ஆராய்ச்சி மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் முழுக்க அதி பதப்படுத்தப்பட்ட உணவு. இரண்டு வாரம் இயல்பான பொருள்களில் சமைத்த உணவு. தட்டில் வைத்த இரண்டு வகை உணவிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம், வேண்டாமென்றால் வைத்துவிடலாம், கட்டாயமே இல்லை.

பாக்கெட் வகை உணவு உண்ட நாள்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை ஏறியது. சமைத்த உணவு உண்ட இரண்டு வாரத்தில் அதே அளவு எடை இறங்கியது. பாக்கெட் வகை உணவை அவர்கள் வேகவேகமாக விழுங்கியதும் பதிவானது. மெல்ல வேண்டிய வேலை இல்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே தட்டு காலியாகிவிடுகிறது. இருபது பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் ‘மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும்’ என்ற வாதத்தை அது நன்றாகவே அசைத்துவிட்டது.

இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. இனிப்பு எந்த அளவில் இருந்தால் நாக்கு மிக அதிகமாக மகிழும், எந்த அளவைத் தாண்டினால் திகட்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் துறையே இருக்கிறது. அமெரிக்காவின் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் அந்த உச்சப் புள்ளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் பேர்போனவர். வாயில் போட்டதும் கரைந்துபோகும் சோளப் பஃப் இன்னொரு சூட்சுமம். கரைந்துவிட்டதால், சாப்பிட்டதாகவே மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கை அடுத்ததை எடுக்கிறது. சிகரெட் கம்பெனியான பிலிப் மாரிஸ், 1985-ல் ஜெனரல் ஃபுட்ஸையும் 1988-ல் கிராஃப்டையும் வாங்கி, உலகின் பெரிய உணவு வியாபாரிகளில் ஒன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் படம் இன்னும் தெளிவாகும்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை மாலையில் ஒரு பாக்கெட் நூடுல்ஸும் ஒரு 250 மி.லி. குளிர்பானமும் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். நூடுல்ஸில் மைதா, பாமாயில், மசாலா. ஒரு 70 கிராம் பாக்கெட்டில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு, சிலவற்றில் அதற்கும் மேல். ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் பெரியவர்களுக்கு. குளிர்பானத்தில் சுமார் 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூனுக்கும் மேல். பெரியவர் ஒருவர் நாளெல்லாம் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது அதே நிறுவனத்தின் அறிவுரை. ஒரு சாயங்கால வேளைச் சிற்றுண்டியில் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. ராத்திரிச் சாப்பாடு இன்னும் பாக்கி.

மைதாவும் சர்க்கரையும் சட்டென்று ரத்தத்தில் கலக்கின்றன. அதைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினைக் கொட்டுகிறது. தினமும் இதே கதை என்றால், ஒரு கட்டத்தில் தசையும் கல்லீரலும் இன்சுலின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகிறது. டைப் 2 சர்க்கரை நோயின் பாதை இது. ஒரு காலத்தில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய் என்று மருத்துவப் புத்தகங்கள் சொன்னதை, இன்று பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகளிடமும் டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைக் கையாளும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. அளவுக்கு மிஞ்சினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்’ என்று வருகிறதே, அது இப்படியும் வருகிறது. ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் வருகிறது. வலி இருக்காது, அறிகுறி இருக்காது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது கல்லீரல் சுருக்கம் வரை போய் நிற்கும்.

உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது; ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரிக்கிறது. வனஸ்பதியிலும் பேக்கரிக் கொழுப்பிலும் இருக்கும் டிரான்ஸ் ஃபேட், கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும். ஒரே அடியில் இரண்டு கெடுதல். இந்த விஷயத்தில் மட்டும் அரசு உருப்படியாக ஒன்றைச் செய்தது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பெட்டிக் கடை பப்ஸிலிருந்து பிராண்டு பிஸ்கட் வரை எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி. தனித்தனியாக ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவுரை சொல்லாமல், பொருளையே மாற்ற வைக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது. 2024-ல் ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேரின் தரவுகளை அலசியது. அதி பதப்படுத்தப்பட்ட உணவை அதிகம் உண்பவர்களிடம் இதய நோய் மரணம், டைப் 2 சர்க்கரை நோய், பதற்றம், மனச்சோர்வு, தூக்கக் கோளாறு என்று முப்பத்திரண்டு பாதிப்புகளோடு தொடர்பு தென்பட்டது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கை காட்டும் திசை எல்லா ஆய்விலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

‘எம் புள்ள ஒல்லிதானே!’

இப்படிச் சொல்லி நிம்மதி அடையும் பெற்றோர் நிறைய. அவர்களுக்காக ஒரு புகைப்படம் இருக்கிறது. புனேயின் சர்க்கரை நோய் நிபுணர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் அருகருகே நிற்கும் படம். 2004-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இருவரின் உயர எடைக் குறியீடும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. உடல் கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

கையும் காலும் மெலிந்து, தொப்பை மட்டும் முன்னால் வரும் உடல்வாகு நம்முடையது. தசை குறைவு; கொழுப்பு தோலுக்கடியில் தங்காமல் வயிற்று உறுப்புகளைச் சுற்றிச் சேர்கிறது. அதனால்தான் மேற்கத்தியர்களுக்கு 30-க்கு மேல் போனால் உடல் பருமன் என்று வைத்திருக்கும் குறியீட்டை, இந்தியர்களுக்கு 25 என்று டாக்டர்கள் குறைத்து வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை மணிதான். எடை மெஷினைவிடத் தையல்காரரின் இன்ச் டேப் நம்மைப் பற்றி உண்மையைச் சொல்லும்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வயிற்றுப் பருமன் மட்டும் 39.5 சதவீதம். தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் கலங்க வைக்கிறது. 2015-16-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்கே 30.9 சதவீதப் பெண்கள் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37 சதவீதம்.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றும் இருக்கிறது. எடையும் கூடியிருக்கிறது, சத்தும் இல்லை. வயிறு நிறைகிறது, இரும்புச்சத்தும் புரதமும் நாரும் போய்ச் சேரவில்லை. கீரையும் பயறும் இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட்டும் டீயும் வந்து உட்கார்ந்ததன் பலன் இது. பசித்த வயிறு ஒரு பக்கம், பருத்த உடம்பு இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்த்த காலம் போய், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன.

இந்தியாவின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்கு ஆரோக்கியமற்ற உணவே காரணம் என்று 2024 மே மாதம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மதிப்பிட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஐ.நா.வே பாராட்டி விருது கொடுத்தது. பெருமைதான். ஆனால் மாத்திரை வீடு தேடிப் போகும் அதே தெருவுக்கு, நோயும் பாக்கெட்டில் அடைத்துப் போய்க்கொண்டிருக்கிறது.

ஐந்து ரூபாய்ச் சரம்

சாயங்காலம் நாலேகால் மணி. பள்ளிக்கூட மணி அடித்து முடிக்கும்போதே எதிர்ப் பெட்டிக்கடையில் கூட்டம். கடையின் முகப்பில் மேலிருந்து கீழாகச் சரம் சரமாகப் பாக்கெட்டுகள்: சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சு. கடைக்காரர் முகமே அந்த இடுக்கில்தான் தெரிகிறது. ‘ண்ணா, செவப்புல ஒண்ணு!’ என்று ஒரு கை நீள்கிறது. பாக்கெட்டின் பெயரைக்கூடச் சொல்வதில்லை, நிறமே போதும். கடைக்காரர் ஒரு இழுப்பு இழுக்கிறார், ‘டப்’ என்று ஒன்று கழன்று வருகிறது. ஐந்து ரூபாய். கல்லாவுக்குப் பக்கத்தில் கடலை மிட்டாய் ஜாடியும் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, உள்ளே இலவச ஸ்டிக்கரும் இல்லை.

இந்த ஐந்து ரூபாய் சாமான்யமான விலை இல்லை. உருளைக்கிழங்கு விலை ஏறினாலும் எண்ணெய் விலை ஏறினாலும் நிறுவனங்கள் கிராமைக் குறைக்கும், விலையைத் தொடாது. பிள்ளையின் கையில் இருக்கும் ஒற்றை நாணயத்துக்கு அது எட்ட வேண்டும் என்பதுதான் வியாபாரத்தின் உயிர். அதே காசுக்கு வாழைப்பழம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் கிடைக்காது.

வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்வதும் சுலபம். காலை ஆறு மணிக்கு கம்பெனி வேனில் ஏறி, இரவு ஏழு மணிக்குத் திரும்பும் தாய், பிள்ளைக்கு நாலு மணிப் பசிக்குச் சுண்டல் அவித்து வைக்க முடியாது. பத்து ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பத்து ரூபாயைக் குறிவைத்துத்தான் அத்தனை சரமும் தொங்குகிறது. கொஞ்சம் வசதியான வீடுகளில் அந்தச் சரத்தின் வேலையை மொபைல் ஆப் செய்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியாணியோடு ‘ஒரு கோக் சேர்த்தால் டெலிவரி ஃப்ரீ’ என்கிறது.

இதில் அரசின் வரிக் கொள்கை எந்தப் பக்கம் நிற்கிறது? 2025 ஜனவரி இறுதியில் நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, அதி பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்குக் கூடுதல் வரி விதிக்கலாம் என்று யோசனை சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்டபோது குளிர்பானங்களுக்கு 40 சதவீதம் என்று வைத்தார்கள். ஆனால் நூடுல்ஸ், பிஸ்கட், சாக்லேட், சிப்ஸ் வகைகளுக்கு வரி 5 சதவீதமாக இறங்கியது. குடும்பச் செலவு குறைகிறது என்று பத்திரிகைகளில் தலைப்பு. எட்டு மாதத்துக்கு முன் அரசின் சொந்த அறிக்கை சொன்னது என்ன என்று கேட்க ஆளில்லை. கேரளம் 2016-ல் பிராண்டு கடைகளின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் ‘கொழுப்பு வரி’ போட்டது. அதுவும் மறு ஆண்டே ஜி.எஸ்.டி.க்குள் கரைந்துபோனது.

பின்பக்கம் பொடி எழுத்து, முன்பக்கம் கொட்டை எழுத்து

பாக்கெட்டின் முன்பக்கத்தில் ‘மல்டிகிரெய்ன்’, ‘கால்சியம் நிறைந்தது’, ‘உண்மையான பழச்சாறு’ என்று கொட்டை எழுத்து. உண்மை இருப்பது பின்பக்கம், மடிப்புக்குக் கீழே, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில். இந்த ஊருக்குத் தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்த நிறுவனங்களுக்கு, சத்து அட்டவணையைத் தமிழில் அச்சிட மட்டும் தெரிவதில்லை.

பெயரிலேயே ஏமாற்றிய கதைகளும் உண்டு. மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் தளங்களுக்குச் சொன்னது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் விற்பதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் போராடினார். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயருக்குத் தடை வந்தது.

சிலி நாடு வேறு வழி பிடித்தது. 2016 ஜூன் முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ வரம்பு மீறினால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். ‘சர்க்கரை அதிகம்’ என்று பட்டவர்த்தனமாக எழுத வேண்டும். முத்திரை உள்ள பொருளில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் பொம்மை போடக் கூடாது. பள்ளியில் விற்கவும் கூடாது. ஒன்றரை வருடத்தில் சர்க்கரை அதிகமான பானங்களை மக்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது.

இந்தியாவில்? 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நட்சத்திர மதிப்பீடு என்ற வரைவை வெளியிட்டது. அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை. பருப்போ நாரோ கொஞ்சம் சேர்த்தால் சர்க்கரை அதிகமான பண்டத்துக்கும் இரண்டு நட்சத்திரம் கிடைத்துவிடும் என்று பொது சுகாதார வல்லுநர்கள் எதிர்த்தார்கள். நட்சத்திரம் என்றாலே நம் ஊரில் பாராட்டுதான். யாரும் அதை எச்சரிக்கையாகப் படிக்கப்போவதில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் பரிந்துரையை முடிக்கச் சொன்னது. பிறகு அவகாசம் நீண்டது.

பாக்கெட்டைத் திருப்பினால்...

• சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் வந்தால் அதற்குமேல் படிக்கத் தேவையில்லை.

• சர்க்கரைக்குப் பல பெயர்: இன்வெர்ட் சிரப், குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ். ஒன்றை நாலாகப் பிரித்தால் பட்டியலில் எல்லாமே கீழே போய்விடும்.

• ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற கணக்கை நம்ப வேண்டாம். 50 கிராம் பாக்கெட்டில் ஒரு பரிமாறல் 20 கிராம் என்று போட்டிருப்பார்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்பதைப் பாருங்கள்.

• சோடியம் மில்லிகிராமை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு வரும். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

• பல உருளை சிப்ஸ் வகைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். பல க்ரீம் பிஸ்கட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. ‘சுட்டது, பொரிக்கவில்லை’ என்ற வரியைப் பார்த்தால், கொழுப்பு எத்தனை கிராம் என்றும் பார்த்துவிடுங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த உணவை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி இருக்கிறது. அந்த விதி இருப்பது எத்தனை தலைமை ஆசிரியர்களுக்குத் தெரியும்? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டாலே போதும். அடுத்த வாரம் ஒரு நாடா பிடித்து அளந்து பார்க்கலாம். பெட்டிக்கடைக்காரரின் வயிற்றில் அடிக்கத் தேவையில்லை. லாபம் தருவது எதுவானாலும் அவர் விற்கப்போகிறவர். சுண்டலும் நெல்லிக்காயும் கொய்யாவும் கடலை மிட்டாயும் விற்றால் லாபம் உண்டு என்று ஆக்கிக் கொடுப்பது உள்ளாட்சியின் வேலை.

நல்ல உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சாப்பிடமாட்டார்கள் என்பது பொய். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவுத் திட்டத்தில் பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும்தான் பரிமாறுகிறார்கள். தட்டு காலியாகத்தான் திரும்புகிறது. சூடாக, நேரத்துக்கு, கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்தால் உப்புமாவையும் பிள்ளை சாப்பிடும். விட்டுப்போனது நாலு மணிப் பசி. வயிறு நிறைந்து வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, பள்ளி விடும் நேரத்தில் பசியோடும் காசோடும் தெருவில் இறங்குகிறது. சத்துணவுக் கூடத்திலேயே மாலைச் சுண்டலுக்கு வழி செய்தால், சரத்தில் தொங்கும் பாக்கெட்டுக்கு முதல் போட்டி அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. ‘இனி ஜங்க் ஃபுட்டே கிடையாது’ என்று சபதம் போட்டு மூன்றாம் நாள் உடைப்பதைவிட, வாங்கி இருப்பு வைக்காமல் இருப்பது பலன் தரும். மளிகைப் பட்டியலில் இருந்து பெரிய பாக்கெட்டுகளை அடித்துவிடுங்கள். வேண்டுமென்றால் கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தாலே பாதி குறையும். தாகத்துக்குத் தண்ணீர், மோர், இளநீர். பாட்டில் பானம் விசேஷத்துக்கு மட்டும். டிவி முன்னால் பாக்கெட்டோடு உட்காராமல் கிண்ணத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டால் அளவு கண்ணுக்குத் தெரியும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

ஆனால் கடைசிப் பொறுப்பை வீட்டின் தலையில் கட்டிவிட்டு அரசு நகர்ந்துவிடக் கூடாது. டிரான்ஸ் ஃபேட்டுக்கு வரம்பு போட முடிந்தது, நிறுவனங்கள் இணங்கின, வியாபாரம் ஒன்றும் நின்றுபோகவில்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் அதே வரம்பு போட எது தடுக்கிறது? முன்பக்கத்தில் தமிழில், குழந்தைக்கும் புரியும் எழுத்தில், ‘சர்க்கரை அதிகம்’, ‘உப்பு அதிகம்’ என்று அச்சிடச் சொல்வதற்கு இன்னும் எத்தனை கமிட்டி வேண்டும்? பிள்ளையைக் கட்டுப்படுத்து என்று தாயிடம் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. பாக்கெட்டில் இருப்பதைப் பாக்கெட்டின் முகத்திலேயே எழுது என்று நிறுவனத்திடம் சொல்ல அரசுக்குச் சட்டமே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வரை, நோய்க்கு மாத்திரை வாங்கும் செலவு நம் வரிப்பணத்திலும், நோயை உண்டாக்கும் பண்டத்தின் லாபம் நிறுவனங்களின் கணக்கிலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.